பதினோரு கிலோ நோயாளி

அந்த அலுவலகத்துக்குப் பசி ஒழுங்கு வாரியம் என்று பெயர். ஆரம்பித்த புதிதில், பசித்தவர்களுக்குச் சாப்பாடு போடுகிற இடமாக்கும் என்று நினைத்து ஏகப்பட்ட பேர் தட்டோடு வந்து வரிசையில் நின்றுவிட்டார்களாம். அதற்குப் பிறகுதான் வாசலில் ஒரு பலகை மாட்டினார்கள்: 'இங்கு பசி குறைக்கப்படும். தீர்க்கப்படாது.'

எடை அளவுக்கு மீறிப் போனவர்களுக்குப் பசியை அடக்கும் மாத்திரை கொடுப்பதும், அதை அவர்கள் பாதுகாப்பாகச் சாப்பிடுகிறார்களா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பதும்தான் வாரியத்தின் வேலை. அந்த மாத்திரை மிட்டாய் இல்லை. டாக்டர் சீட்டு இல்லாமல் யாரும் விற்கக் கூடாது, யாரும் விழுங்கக் கூடாது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறையெல்லாம் அந்தப் பார்க்கிற வேலையில்தான் இருந்தது.

கட்டடத்துக்கு நான்கு மாடி. எடை பார்க்கும் அறை நான்காவது மாடியில். லிஃப்ட் இருந்தது, நன்றாகவே ஓடியது. ஆனால் அதன் கதவில் 'உரிய எடை உள்ளவர்களுக்கு மட்டும்' என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். ஆகவே எடை குறைக்க வந்தவர்கள் படியேறினார்கள், எடைச் சான்று வைத்திருந்த அதிகாரிகள் லிஃப்டில் போனார்கள். அந்தச் சான்றை அதிகாரிகளுக்கு யார் கொடுத்தது என்று கேட்டால், வாரியம்தான்.

இந்த வாரியத்துக்கு ஒரு நாள் காலையில் எடையக்கா வந்து சேர்ந்தாள். ஊருக்கு வெளியே கிடங்குகள் இருக்கும் சாலையில் லாரி எடைமேடை ஒன்று உண்டு. இருபத்திரண்டு வருடமாக அவள்தான் அதன் பொறுப்பு. லாரிக்காரர்கள் வைத்த பெயர்தான் எடையக்கா. அவளுடைய சொந்தப் பெயர் வீட்டுக்காரருக்கே யோசித்தால்தான் வரும். சரக்கோடு லாரி வரும், மேடையில் ஏறும், எடை விழும். சரக்கை இறக்கிவிட்டுக் காலியாக மறுபடி ஏறும், எடை விழும். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் மிச்சம் சரக்கு. மொத்த எடை, காலி எடை, நிகர எடை என்று மூன்று வரி அச்சாகி ஒரு சீட்டு வரும். அதன் அடியில் 'வண்டி மேடையை விட்டு இறங்கிய பிறகு எங்களுக்குப் பொறுப்பில்லை' என்று ஒரு வரி இருக்கும். ஒரு நாளைக்கு நூறு சீட்டு கிழித்துக் கொடுப்பாள்.

அவளுக்கு வந்த கஷ்டம் வலது முழங்காலில் வந்தது. எடைமேடை அறைக்கு ஏழு படி. நாளைக்கு முப்பது தடவை ஏறி இறங்க வேண்டும். ஏறும்போது படிக்குப் பத்து விநாடி நிற்கிறாள் என்று கிடங்கு மேனேஜர் ஒரு நாள் கடிகாரத்தைப் பார்த்தார். ஏற முடியாதவளுக்கு அங்கே என்ன வேலை என்று அடுத்த நாள் வாய்விட்டே கேட்டார். மூட்டு டாக்டர் நல்ல மனுஷன். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மூட்டை மாத்திடலாம்மா. ஆனா தொண்ணூத்தெட்டு கிலோவுல கத்தி வெக்க மாட்டேன். பத்து கிலோ குறைச்சுட்டு வாங்க. பசி வாரியத்தோட சான்றும் வேணும். அது இல்லாம ஆஸ்பத்திரியில எனக்குத் தியேட்டரே தர மாட்டாங்க."

ஆக எடையக்காவுக்கு வேண்டியது ஒரே ஒரு காகிதம். 'இவர் பத்து கிலோ குறைந்தார்' என்று எழுதி, முத்திரை குத்திய காகிதம். அது கிடைத்தால் முழங்கால் உண்டு, முழங்கால் இருந்தால் வேலை உண்டு.

முதல் நாள் நான்கு மாடி ஏற அவளுக்கு அரை மணி நேரம் ஆனது. மேலே போய்ச் சேர்ந்ததும் எடை எழுத்தர், உட்காரக்கூட விடாமல், கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்த்தார்.

"மூச்சு வாங்குதா?"

"வாங்குது சார்."

"வாங்கணும். நாலு மாடி ஏறியிருக்கீங்க இல்ல?" என்று சொல்லிவிட்டு, இயந்திரம் நூற்று அறுபது என்று காட்டியதை நூற்று முப்பது என்று எழுதினார்.

"சார், நூத்தறுபதுன்னு காட்டுச்சே?"

"படிக்கட்டுக் கழிவு முப்பது. சுற்றறிக்கை இருக்கு."

எடையக்காவுக்கு அது பிடித்தேபோனது. தேவையில்லாததைக் கழித்து எழுதத் தெரிந்த இடம், நம் தொழில் தெரிந்தவர்கள் என்று நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பால்தான் அடுத்த நான்கு மாதம் அவர்கள் கணக்கைப் பற்றி அவள் வாயைத் திறக்கவில்லை.

பிறகு எழுத்தர் ஒரு கோப்பை அவள் கையில் கொடுத்து, அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தராசில் ஏறச் சொன்னார். கீழே வைத்துவிட்டு ஏறட்டுமா என்று கேட்டதற்கு எழுத்தர் முகம் வெளுத்துவிட்டது. பல வருடம் முன்னால் இதே அறையில் இரண்டு பேர் தங்கள் கோப்புகளை மேஜைமேல் வைத்துவிட்டுத் தராசில் ஏறினார்களாம். கோப்புகள் மாறிப்போய், எடை குறைந்து சான்று வாங்க வந்தவருக்கு மறுபடியும் மாதக்கணக்கில் மாத்திரை போய்விட்டதாம். அன்றிலிருந்து கோப்பும் நோயாளியும் பிரியக் கூடாது. வீட்டுக்கும் அவளே எடுத்துப் போக வேண்டும், வரும்போது அவளே சுமந்து வர வேண்டும். ஆனால் திறக்கக் கூடாது. நூல் கட்டி அரக்கு வைத்திருக்கும். அன்றைக்குக் கோப்பில் இருந்தது ஒரே ஒரு தாள். தொண்ணூற்றெட்டு கிலோ என்று எழுதிக்கொண்டார்கள்.

அடுத்து இரண்டாம் மாடியில் உறுதிமொழிக் கூட்டம். 'மாத்திரையைச் சொன்னபடி சாப்பிடுவேன், கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன், கேள்வி கேட்க மாட்டேன்' என்று எல்லோரும் எழுந்து நின்று கையை நீட்டிப் படித்தார்கள். வாரியத் தலைவர் உரை நிகழ்த்தினார். பசியைப் பற்றி வயிறு நிறைந்த பிறகுதான் தெளிவாகப் பேச முடியும் என்பது அவர் கொள்கை. ஆகவே பேச்சுக்கு முன்னால் அவருக்கு மட்டும் ஒரு தட்டில் கேக் வந்தது, கூட்டம் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"நம்ம வாரியத்துல பாதுகாப்புதான் எல்லாமே," என்றார் தலைவர், உதட்டோரத்துத் துணுக்கைத் துடைத்துக்கொண்டு. "பதினோரு வருஷத்துல ஒரே ஒரு பக்கவிளைவுகூடப் பதிவானதில்ல. எப்படின்னு எல்லாரும் கேக்கிறாங்க. ரகசியம் ஒண்ணுமில்ல. பதிவு செய்றதுக்கான புத்தகத்தை நாங்க வாங்கவே இல்ல. முன்யோசனைதான் காரணம்!"

கைதட்டல் எழுந்தது. எடையக்காவும் தட்டினாள், எல்லோரும் தட்டினார்களே என்று.

கடைசியாகப் பாதுகாப்பு அலுவலர் என்கிற அம்மாள் மாத்திரைப் பெட்டியைக் கொடுத்தார். கொடுக்குமுன் பெட்டியைத் திறந்து, உள்ளே மடித்து வைத்திருந்த குறிப்புத்தாளை உருவி எடுத்து, எடையக்காவின் கோப்பில் செருகிக் கட்டினார்.

"அது எதுக்கும்மா? மாத்திரையைப் பத்தி அதுலதானே எழுதியிருக்கும்?"

"அதைப் படிச்சா பயம் வரும். பயம் வந்தா பிரஷர் ஏறும். பிரஷர் ஏறினா இந்த மாத்திரையே கொடுக்கக் கூடாது. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றார் அலுவலர், உண்மையான அக்கறையோடு.

மாத்திரை ஏமாற்றவில்லை. காலையில் ஒன்று போட்டால் பசி சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது. பள்ளி வேன் ஓட்டுகிற வீட்டுக்காரர், மூன்றாம் நாளே அவள் தட்டில் மிச்சம் இருப்பதைப் பார்த்துப் பதறிவிட்டார்.

"ஏம்மா, என்மேல ஏதாவது கோவமா?"

"உங்கமேல கோவம்னா ரெண்டு பங்கு சாப்பிடுவேன். இது மாத்திரை வேலைங்க."

இரண்டாவது மாதம் மோதிரம் விரலிலிருந்து தானாகக் கழன்று விழுந்தது. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் வாரியத்தின் தராசில் ஒன்றரை கிலோதான் குறைந்திருந்தது. மூன்றாவது தடவை போனபோது இன்னும் அரைக் கிலோ குறைந்திருந்தது. "ஒத்துழைப்பு போதல" என்று எழுதி, மாத்திரையை ஒன்றரை ஆக்கினார்கள்.

இதற்கிடையில் கோப்பு நன்றாகத் தேறிக்கொண்டு வந்தது. உறுதிமொழிக்கு மூன்று பிரதி. படியேறியதற்கு ஒப்புகை, மூன்று பிரதி. லிஃப்டில் ஏறவில்லை என்பதற்குத் தனி ஒப்புகை. முன்பக்கப் படம், பக்கவாட்டுப் படம், கெட்டி அட்டையில். ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் உருவிய குறிப்புத்தாள்கள். காகித உறை கிழிந்ததும் இரண்டு பக்கமும் மரப்பலகை வைத்தார்கள். நூல் அறுந்ததும் இரும்புப் பட்டை போட்டார்கள். அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு எடையக்கா நான்கு மாடி ஏறினாள்.

மூன்றாவது மாதத்தில் நெஞ்சு ஆரம்பித்தது. வாய் எந்நேரமும் காய்ந்து கிடந்தது, தூக்கம் பிடிக்கவில்லை. அடுத்த தடவை பாதுகாப்பு அலுவலரிடம் அதைச் சொன்னாள்.

"நெஞ்சு அடிச்சுக்குதும்மா. உள்ள யாரோ லாரியை நியூட்ரல்ல போட்டுட்டு ஆக்சிலேட்டரை மிதிக்கிற மாதிரி இருக்கு."

"நெஞ்சு அடிக்கத்தானேம்மா செய்யும்? அடிக்கலன்னாதான் பிரச்சினை." அலுவலர் படிவத்தை நீட்டினார். 'பக்கவிளைவு ஏதேனும் உண்டா?' என்ற கேள்விக்கு எதிரே இரண்டு கட்டம் இருந்தது. ஒன்றில் 'இல்லை'. மற்றதில் 'அறவே இல்லை'.

"இருக்குன்னு சொல்றதுக்குக் கட்டம் இல்லையே?"

"அது அச்சாகி வரல. வந்ததும் உங்களைத்தான் முதல்ல கூப்பிடுவேன்." சொல்லிவிட்டு, அவள் மனம் நோகக் கூடாதே என்று வெறும் 'இல்லை'யில் மட்டும் டிக் அடித்தார்.

நான்காவது மாடியில் பிரஷர் நூற்றுத் தொண்ணூறு காட்டியது. எழுத்தர் வழக்கம்போல முப்பதைக் கழித்தார், அப்படியும் அதிகமாகவே இருந்தது. உடனே அவளுக்கு முழங்கால் வலி இருப்பதால் படிகள் மற்றவர்களுக்கு இருப்பதைவிட உயரம் என்று கணக்கிட்டு, இன்னொரு முப்பதைக் கழித்தார். தராசில் தொண்ணூற்றாறரை. போன தடவையைவிட அரைக் கிலோ கூடுதல். "ரகசியமா சாப்பிடுறார்" என்று எழுதி, மாத்திரையை இரண்டாக்கினார்கள்: காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று.

ரகசியமாகச் சாப்பிடுகிறாள்! நான்கு மாதமாக அரைத் தட்டில் எழுந்துகொண்டிருந்தவளுக்கு அந்த இரண்டு வார்த்தை சுருக்கென்று தைத்தது. நேராக வேலைக்குப் போனாள். லாரி மேடையில் ஏறிப் பார்க்கலாம் என்றால், அது இருபது இருபது கிலோவாகத்தான் காட்டும். லாரிக்கு அதற்குக் கீழே எல்லாம் தூசு. ஆகவே கிடங்கில் மூட்டை போடுகிற தராசுக்குப் போய், கோப்பை மூட்டைமேல் வைத்துவிட்டு ஏறினாள். எண்பத்தொன்பது காட்டியது. இறங்கி மறுபடி ஏறினாள். எண்பத்தொன்பது. பிறகு திரும்பி, மூட்டைமேல் கால் நீட்டிப் படுத்திருந்த கோப்பைப் பார்த்தாள். தூக்கித் தராசில் வைத்தாள். ஏழரை.

எடையக்கா அங்கேயே ஒரு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். இருபத்திரண்டு வருடமாக எந்த லாரிக்காரனையும் ஏமாற விட்டதில்லை, தானும் ஏமாந்ததில்லை. வண்டியோடு சேர்த்துச் சரக்கை எடை போடுகிற கூத்தை அவளை வைத்தே நான்கு மாதமாக நடத்தியிருக்கிறார்கள், அவளும் அந்த வண்டியை அணைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். முதலில் வெட்கமாக இருந்தது. அப்புறம் கோபம் வந்தது, நல்ல கோபம், முழங்கால் வலியையே மறக்கடிக்கிற கோபம்.

வீட்டுக்குப் போகிற வழியில் மருந்துக்கடை. அங்கே இருக்கிற பெண் அவளைப் பார்த்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"என்னக்கா, முகமே சரியில்ல? உட்காருங்க. பேசாதீங்க. பத்து நிமிஷம் சும்மா உட்காருங்க, அப்புறம் பிரஷர் பாக்கலாம்."

பிரஷர் பார்க்குமுன் உட்கார வேண்டும் என்பதே எடையக்காவுக்கு அன்றைக்குத்தான் தெரியும். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் நூற்று எழுபது. கடைப்பெண் எதையும் கழிக்கவில்லை. இன்னொரு கையிலும் பார்த்தாள், அதேதான்.

"அக்கா, இந்த மாத்திரை மோசமானது இல்ல. யாருக்குக் கொடுக்கலாம், எவ்வளவு நாளைக்குக் கொடுக்கலாம்னு பாத்துக் கொடுத்தா நல்லா வேலை செய்யும். ஆனா பாக்கணும். பிரஷர் ஏறுதான்னு பாக்கணும், நெஞ்சு படபடன்னு அடிக்குதான்னு கேக்கணும், நீங்க வேற என்ன மருந்து சாப்பிடுறீங்கன்னு கேக்கணும். சளி மாத்திரைகூட இதோட ஒத்துக்காம போகலாம். இதையெல்லாம் யாராவது கேட்டாங்களா?"

"லிஃப்ட்ல ஏறலன்னு எழுதி வாங்கினாங்க" என்றாள் எடையக்கா.

கடைப்பெண் சிரிக்கவில்லை. அங்கிருந்தே மூட்டு டாக்டருக்குப் போன் போட்டுக் கொடுத்தாள். டாக்டர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, மாத்திரையை இன்றைக்கே நிறுத்தச் சொன்னார், மறுநாள் காலையில் வந்து தன்னைப் பார்க்கவும் சொன்னார். ஆனால் சான்று சான்றுதான், அதில் அவர் கையில் ஒன்றும் இல்லை.

வீட்டில் எடையக்கா கத்திரிக்கோலால் அரக்கைப் பெயர்த்தாள். வீட்டுக்காரர் கதவைச் சாத்தினார். உள்ளே நான்கு குறிப்புத்தாள்கள் இருந்தன. ஒன்றை விரித்தால் மேஜை நீளத்துக்கு வந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு, எழுத்துக்கு எழுத்து விரலை வைத்துப் படித்தாள். 'பன்னிரண்டு வாரத்தில் எடை போதிய அளவு குறையாவிட்டால் மருந்தை நிறுத்தவும். இரத்த அழுத்தம் கூடினாலோ, நெஞ்சு படபடத்தாலோ உடனே மருத்துவரிடம் சொல்லவும். சாயங்காலம் சாப்பிட்டால் தூக்கம் கெடலாம்.' எல்லாமே தெளிவாக எழுதியிருந்தது. அவளைக் காப்பாற்ற எழுதிய எழுத்து, நான்கு மாதமாக அவள் நெஞ்சிலேயே சாய்ந்து, அவளை எடை கூட்டிக் காட்டிக்கொண்டிருந்தது.

"இனிமே அங்க போகாத" என்றார் வீட்டுக்காரர். "முழங்கால் போனா போகட்டும். நான் வேன் ஓட்டுறேன், ரெண்டு பேரும் சாப்பிட்டுக்கலாம்."

"ஏன் போகட்டும்? நான் ஒம்பது கிலோ குறைச்சிருக்கேன். மிச்சம் ஒண்ணை மாத்திரை இல்லாமலே குறைப்பேன். என் காகிதத்தை வாங்காம விட மாட்டேன்."

ஐந்தாவது தடவை போனபோது வாரியம் அமர்க்களப்பட்டுக்கொண்டிருந்தது. மேலிடத்திலிருந்து தணிக்கைக் குழு வருகிறது. அதற்காக வாசலிலேயே ஒவ்வொரு கோப்பின் மேலும் மூன்றரை கிலோ புதுப் படிவங்களை வைத்து இன்னொரு பட்டை போட்டார்கள். நான்காம் மாடியில் புதுத் தராசு ஒன்று வந்திறங்கியிருந்தது. பக்கத்திலேயே அச்சு இயந்திரம். கோப்பின் முதுகில் இருக்கும் நோயாளி எண்ணைத் தானே படிக்கும். எடையைத் தானே எடுத்து, பழைய எடையிலிருந்து தானே கழித்து, பத்து கிலோ குறைந்திருந்தால் சான்றையும் தானே அச்சடித்து, தானே முத்திரை குத்தும். மனிதக் கை படாது, அச்சானதை யாரும் மாற்ற முடியாது என்று அதன் மேலேயே எழுதியிருந்தது.

அறை வாசலில் பாதுகாப்பு அலுவலர் ஒரு மாத்திரையும் ஒரு டம்ளர் தண்ணீருமாக நின்றார். "இன்னிக்கு எல்லாரும் என் முன்னாடி விழுங்கிட்டுத்தான் உள்ள போகணும். தணிக்கைக் குழு பாக்கணுமாம்."

"நான் விழுங்க மாட்டேன். நிறுத்தியாச்சு."

அலுவலர் டம்ளரை இன்னும் முன்னால் நீட்டினார். "நிறுத்தறதா? இங்க யாரும் அப்படியெல்லாம் நிறுத்தினதே இல்லையேம்மா!"

"நீங்களே யோசிச்சுப் பாருங்க. உங்க தராசு சரின்னா, பன்னெண்டு வாரத்துல மாத்திரை வேலை செய்யல. அப்போ நிறுத்தணும். என் தராசு சரின்னா பத்து கிலோ குறைஞ்சாச்சு, வேலை முடிஞ்சுது. அப்பவும் நிறுத்தணும்."

அலுவலர் யோசித்தார். நியாயமாகவே யோசித்தார். "மூணாவதா ஏதாவது காரணம் இருக்கா?"

"இருக்கு. நெஞ்சு."

"அதுக்குத்தான் கட்டம் இல்லையே" என்றார் அலுவலர் பரிதாபமாக. "பன்னெண்டு வாரம்னு உங்களுக்கு யார் சொன்னது? கோப்பைத் திறந்தீங்களா?"

"திறந்தேன். படிச்சேன். நாலு தடவை படிச்சேன்."

அந்தச் சமயம் பார்த்து லிஃப்ட் திறந்து, தலைவரும் தணிக்கைக் குழுவினர் மூன்று பேரும் இறங்கினார்கள். டம்ளரை எங்கே ஒளிப்பது என்று அலுவலர் தடுமாறிய நேரத்தில் எடையக்கா உள்ளே போய்விட்டாள்.

"ஏறுங்கம்மா" என்றார் எழுத்தர், தணிக்கைக் குழுவுக்குக் கேட்கிற மாதிரி. "கோப்போட ஏறுங்க."

"கோப்பை முதல்ல தனியா எடை போடுங்க சார். அதைக் கழிச்சுட்டு என் எடையை எழுதுங்க."

"கோப்பைக் கழிக்க சுற்றறிக்கை இல்லைம்மா."

"படிக்கட்டைக் கழிச்சீங்களே? எனக்குன்னு படியை உயரமாக்கிக்கூடக் கழிச்சீங்களே! எனக்கு ஆபத்துன்னு காட்டினதை எல்லாம் கழிச்சீங்க. என்னைக் குண்டுன்னு காட்டினதை மட்டும் கழிக்க மாட்டீங்களா?"

அறையில் இருந்த மற்ற நோயாளிகள் தங்கள் நெஞ்சோடு அணைத்திருந்த கோப்புகளை முதன்முறையாக உற்றுப் பார்த்தார்கள். எழுத்தர் தலைவரைப் பார்த்தார். தலைவர் தணிக்கைக் குழுவைப் பார்த்துச் சிரித்தார். "நம்ம நோயாளிகளுக்கு நிர்வாகத்துல ஆர்வம் அதிகம்" என்றார்.

எடையக்கா முன்னால் வந்தாள். மரப்பலகையும் இரும்புப் பட்டையுமாக இருந்த கோப்பை இரண்டு கையாலும் தூக்கி, புதுத் தராசின் நடுவில் தொப்பென்று வைத்தாள். வைத்துவிட்டு ஓர் அடி பின்னால் நின்று கையைக் கட்டிக்கொண்டாள்.

"அம்மா, கோப்பும் நோயாளியும் பிரியக் கூடாது!" என்று எழுத்தர் அலறினார்.

"யாரு பிரிஞ்சது? நான் இங்கதானே நிக்கிறேன்?"

இயந்திரம் யாரையும் கேட்கவில்லை. கோப்பின் முதுகில் இருந்த நோயாளி எண்ணைத் தானே படித்துக்கொண்டது. மணி அடித்தது. பச்சை விளக்கு எரிந்தது. அச்சு இயந்திரம் இதமாக முனகிவிட்டு, கெட்டித்தாளில் ஒரு சான்றை வெளியே தள்ளியது. 'முதல் எடை தொண்ணூற்றெட்டு. இன்றைய எடை பதினொன்று. குறைந்த எடை எண்பத்தேழு. இலக்கு எட்டப்பட்டது. மாத்திரை நிறுத்தப்படுகிறது.' கீழே நீல நிறத்தில் முத்திரை.

எழுத்தர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, அடுப்பில் கை வைத்தவர்போல் கீழே போட்டார். தணிக்கைக் குழுவின் மூத்தவர் அதை எடுத்துப் படித்தார். "எண்பத்தேழு கிலோவா? அஞ்சு மாசத்துலயா?"

தலைவர் சான்றைப் பார்த்தார், கோப்பைப் பார்த்தார், எடையக்காவைப் பார்த்தார். இயந்திரம் தப்பு என்று சொன்னால் இயந்திரத்தை வாங்கிய தலைவர் தப்பு. கோப்பு கனம் என்று சொன்னால் பதினோரு வருடமும் தப்பு. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எண்பத்தேழேதான்!" என்றார். "நம்ம வாரிய வரலாற்றிலேயே இது மாதிரி நடந்ததில்ல. ஒரு பக்கவிளைவு இல்ல. இந்த அம்மாவோட முழங்கால் வலிகூட இப்போ பாதிக்குமேல போயிருக்கும், பாருங்க எப்படி நிமிர்ந்து நிக்கிறாங்க!"

"ஐயா, அது காகிதம்" என்றாள் எடையக்கா, ஒவ்வொரு சொல்லாக, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "தராசுல இருக்கிறது நான் இல்ல. உங்க காகிதம் பதினோரு கிலோ இருக்கு. அதை என் கணக்குல ஏத்தி எனக்கு ரெட்டை மாத்திரை கொடுத்தீங்க. நெஞ்சு அடிச்சுக்குதுன்னு சொன்னேன், கட்டம் இல்லன்னீங்க."

"என்ன ஒரு தன்னடக்கம்!" என்று தலைவர் கை தட்டினார். தணிக்கைக் குழுவும் தட்டியது. போட்டோக்காரர் வந்தார். எடையக்கா படத்துக்கு நிற்க மறுத்தாள். ஆகவே கோப்பை நாற்காலியில் உட்கார வைத்து, மாலை போட்டுப் படம் எடுத்தார்கள். அந்தச் சந்தடியில் அவள் சான்றை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு லிஃப்டில் ஏறினாள். லிஃப்ட்காரர் தடுத்தார்.

"சான்று?"

காட்டினாள். 'பதினொன்று' என்று வாய்விட்டுப் படித்தவர், கேள்வி எதுவும் கேட்காமல் பொத்தானை அழுத்தினார். அவளுக்குப் பின்னால் படிக்கட்டுப் பக்கம் ஒரே சத்தம். மற்ற நோயாளிகள் தங்கள் கோப்புகளைத் தராசில் ஏற்ற முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள்.

மூட்டு டாக்டர் சான்றைப் படித்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தார். பிறகு தன் தராசில் அவளை வெறுங்கையோடு ஏற்றினார். எண்பத்தேழரை. உட்கார வைத்துப் பிரஷர் பார்த்தார். நிறுத்தி நான்கு வாரமாகியும் அது முழுதாக இறங்கவில்லை. "இது சாதாரண அளவுக்கு வரட்டும். அவசரப்பட வேண்டாம்" என்று இன்னும் மூன்று வாரம் காக்க வைத்தார். அந்த மூன்று வாரமும் இரண்டு நாளைக்கு ஒருமுறை கூப்பிட்டு, நெஞ்சு எப்படி இருக்கிறது என்று கேட்டார். பதிலுக்கு என்ன வேண்டுமானாலும் சொல்ல இடம் இருந்தது. நான்காவது வாரம் மூட்டை மாற்றினார்.

எடையக்கா மறுபடி வேலைக்கு வந்து இரண்டு மாதம் ஆனபோது வாரியத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. கண்ணாடிப் பேழையில் காட்சிக்கு வைத்திருக்கும் முன்மாதிரி நோயாளியை வாரியம் மாதாமாதம் தவறாமல் எடை போட்டு வருகிறதாம். பாராட்டுக் கடிதங்களும் தணிக்கைக் குழு அறிக்கையும் சேர்த்துக் கட்டப்பட்டதிலிருந்து நோயாளியின் எடை பதினொன்றிலிருந்து பதினான்காக உயர்ந்துவிட்டதாம். 'மீண்டும் பசி எடுத்திருக்கக்கூடும் என வாரியம் அஞ்சுகிறது. மாத்திரையைத் தொடர உடனே நேரில் வரவும். தவறினால் சான்று ரத்தாகும்.'

வெளியே சரக்கு இறக்கிவிட்டு வந்த லாரி ஒன்று காத்துக்கொண்டிருந்தது. வாரியம் இருக்கும் தெரு வழியாகத்தான் அது திரும்பிப் போகும். எடையக்கா லாரிக்காரரை ஒரு நிமிடம் இருக்கச் சொல்லிவிட்டு, ஒரு வெற்றுச் சீட்டைக் கிழித்தாள். கையாலேயே எழுதினாள்.

மொத்த எடை: நானும் உங்க கோப்பும்.

காலி எடை: உங்க கோப்பு.

நிகர எடை: நான்.

அடியில் வழக்கமாக அச்சாகி இருக்கும் வரியை ஒரு கோடு போட்டு அடித்தாள். அதற்குப் பதிலாக வேறொன்று எழுதி, மடித்து, ஏழு படியையும் நிற்காமல் இறங்கிப் போய், வாரியத்தில் சேர்த்துவிடச் சொல்லி லாரிக்காரர் கையில் கொடுத்தாள். அவர் பிரித்துப் பார்த்தார்.

'வண்டி மேடையை விட்டு இறங்கியாச்சு.'